பூசி மெழுகிய ஜன்னல்

தம்பி,

நம் வீட்டுக்கு மாடி எடுக்க நீ தோஹாவிலிருந்து வரைந்து அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. போனில் பார்த்தால் எனக்கு எறும்பு ஊர்வது போலத்தான் தெரிந்தது. அதனால் குண்டசாலைக்குப் போய்ப் பெரிய தாளில் பிரதி எடுத்துக்கொண்டு வந்தேன். குசினி மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளரை வைத்து, ஒரு பகல் முழுக்கப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் வரைந்திருக்கிறாய். மாடிப்படி விழ வேண்டிய இடத்தில் விழுந்திருக்கிறது. பழைய சுவரின் பலத்தை நம்பி மேல்மாடியைத் தூக்கி வைக்காமல் தனித் தூண் கொடுத்திருக்கிறாயே, அதைப் பார்த்ததும் மனசு குளிர்ந்தது. ஆனால் மாடிக் குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று குறிக்க மறந்துவிட்டாய். இந்தக் கடிதம் அதைப் பற்றியது இல்லை. முப்பத்திரண்டு வருஷம் படம் வரைந்தே சோறு தின்றவன் என்பதால் அதையும் சொல்லி வைக்கிறேன், சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி யாழ்ப்பாணத்திலிருந்து பேசினாள். உங்கள் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாசம் இருக்கிறது, அந்தப் பிள்ளை இப்போதே வாரம் தவறாமல் பேசுகிறாள். பெற்ற பிள்ளை நீ மாசத்துக்கு ஒரு தரம், அதுவும் "சிக்னல் இல்ல, வைக்கிறேன்" என்று. சரி, அதை விடு. அவள் கேட்டாள்: "மாமா, உங்கட வீட்டில நல்ல வெளிச்சம் வாற அறை ஒண்டு இருக்கோ? என்ர தையல் மெசினைக் கொண்டு வரத்தான் கேக்கிறன். றோட்டுப் பக்கம் எண்டால் ஆக்கள் வந்து போறதுக்கும் வசதி." கேட்கும்போதே அவள் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. கேட்கலாமா கூடாதா என்று பல நாள் யோசித்துவிட்டுக் கேட்டது போல. படத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்த்தேன். ரோட்டுப் பக்க அறைக்கு நீ 'ஸ்டோர்' என்று எழுதியிருக்கிறாய். தையல் மெசினுக்கு இடமே இல்லை. அன்று பின்னேரமே உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. "இனி அவளுக்கு அதெல்லாம் எதுக்குப்பா? நான்தான் சம்பாதிக்கிறேனே. பொறகு பாப்போம்" என்றாய்.

அந்தப் 'பொறகு பாப்போம்' என்னுடைய வார்த்தை, தம்பி. நீ எங்கேயோ வெளியே பொறுக்கிக்கொண்டு வந்தது இல்லை. இந்த வீட்டில், இந்தக் குசினியில், என் வாயிலிருந்து உன் காதுக்கு வந்தது. போனை வைத்துவிட்டு வெகு நேரம் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா வந்து, "என்ன, சக்கரை கூடிருச்சா?" என்று கேட்டாள். சீனி வருத்தம் இல்லை, வேறு வருத்தம் என்று அப்போது சொல்ல முடியவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது இது வீடாகவே இல்லை. இரண்டு அறை, ஒரு குசினி, மேலே தகரம். நானும் உன் அம்மாவும் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள். எனக்குக் கண்டியில் பழைய கட்டடங்களை அளந்து படம் வரைகிற கந்தோரில் வேலை கிடைத்தது, அந்தச் சம்பளத்தை நம்பிக் கடன் எடுத்து வாங்கிய வீடு இது. வந்த நாளிலிருந்து இன்றுவரை ஏதாவது ஒரு மூலையில் சீமெந்து குழைத்துக்கொண்டேதான் இருக்கிறோம். ஓடு போட்டோம், தரைக்குச் சிவப்பு பூசினோம், பிறகு அதை மறைத்து டைல் ஒட்டினோம், கக்கூசை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். எல்லாம் நான் நினைத்தது, நான் வரைந்தது, நான் நின்று செய்வித்தது. உன் அம்மா இந்த வீட்டில் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்று. குசினியில் ரோட்டைப் பார்க்க ஒரு ஜன்னல். மூன்றடி அகலம், தரையிலிருந்து நாற்பது அங்குல உயரத்தில் ஒரு பலகைத் தட்டு. அவள் நின்றால் முழங்கை சரியாக அதன் மேல் வரும்.

அந்த ஜன்னலில் அவள் என்ன செய்தாள் என்பது உனக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கும். நம் வீட்டைத் தாண்டித்தான் பல்லேகலக் கார்மென்ட் பெக்டரிக்குத் தைக்கப் போகிற பெண்பிள்ளைகள் விடியற்காலையில் பஸ்ஸுக்கு நடப்பார்கள். பாதிப் பேர் வெறும் வயிற்றோடு. உன் அம்மா ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் வைத்து, லஞ்ச் சீட்டில் சுற்றி அந்த ஜன்னல் வழியாகக் கொடுப்பாள். முதலில் ஐந்தாறு பேர், பிறகு முப்பது பேருக்கு மேல். தமிழ்ப் பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள், அக்குறணைப் பக்கத்திலிருந்து வரும் இரண்டு முஸ்லிம் பிள்ளைகள். எல்லோருக்கும் அவள் "அக்கே"தான். ரொட்டி வாங்க வருகிறவர்கள் தட்டில் முழங்கையை ஊன்றி இரண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டார்கள். சுப்பர்வைசர் திட்டியது, ஊரில் தம்பிக்குக் காய்ச்சல், யாரோ ஒருவன் காதல் காகிதம் கொடுத்தது, எல்லாம் அந்த ஜன்னலுக்கு வரும். உன் அம்மா ரொட்டியைப் புரட்டிக்கொண்டே பதில் சொல்லுவாள், சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அந்த நாட்களில்தான். இதை எழுதும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எனக்கு அந்த ஜன்னல் பிடிக்கவில்லை. இதை ஒளித்து என்ன ஆகப்போகிறது? லயத்திலிருந்து வெளியே வந்து, சப்பாத்துப் போட்டு, கந்தோரில் மேசை பிடித்தவனுக்குப் பெண்டாட்டி ரோட்டைப் பார்த்து நின்று ரொட்டி விற்பது குறைச்சலாகப் பட்டது. ஒரு நாள் கந்தோரில் ஒருத்தன், "உங்க வீட்டு ஜன்னல் ரொட்டி நல்லாருக்குமாமே, நாளைக்கு நமக்கும் ரெண்டு கொண்டாங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். அவன் உண்மையாகவே ஆசைப்பட்டுக்கூடக் கேட்டிருக்கலாம். எனக்கு முகம் சுண்டிவிட்டது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், "கவர்மெண்ட் உத்தியோகத்தன் பொண்டாட்டி இப்படித்தான் ஜன்னல்ல நிப்பாளா? இதை ஒரு நாளைக்கு மூடித்தான் ஆகணும்" என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அடுத்த நாள் அவள் வழக்கம்போல நாலு மணிக்கு எழும்பி மாவு பிசைந்தாள். நானும் கத்தியதை மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

நீ நாலாம் வகுப்பில் இருந்தாய். குசினி போதவில்லை என்று பின்பக்கம் கொஞ்சம் இழுத்துக் கட்ட முடிவு செய்தேன். குசினிக்கு ஒரு பக்கக் கதவு உண்டு, மழை பெய்தால் அது வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அந்தக் கதவை அடைத்து அங்கே அலுமாரி வைப்பது, ஜன்னலை இருந்தபடியே விடுவது, இதுதான் திட்டம். ஜன்னலை விட்டுவிடச் சொன்னதும் நானேதான். கோபம் தணிந்த பிறகு எனக்கும் நியாயம் தெரியும். கட்டுகிற வேலைக்குக் கொத்தனார் பியதாச பாஸ் வந்தார். மகாவலி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மனிதர், தூக்குக்குண்டு இல்லாமலே சுவரை நேராக எழுப்புவார். அவர் வேலை தொடங்குகிற வாரம் பார்த்து எனக்கு வெளியூர் வேலை வந்துவிட்டது, பத்து நாள். கிளம்புகிற அவசரத்தில் வெண்கட்டியை எடுத்தேன். கதவில் ஒரு வட்டம் போட்டேன். ஜன்னலின் மேல் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டேன். "எல்லாம் குறிச்சிட்டேன் பாஸ், அதைப் பாத்துச் செய்யுங்க" என்று அரைகுறைச் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

இனி நான் போன இடத்தைச் சொல்கிறேன். ஹுன்னஸ்கிரியவைத் தாண்டி உள்ளே இறங்கினால் வயல்காட்டு ஓரத்தில் ஒரு பழைய அம்பலம் இருக்கிறது. வழிப்போக்கர்கள் தங்கிப் போகக் கட்டியது. நாலு பாறைக்கல், அதன் மேல் உத்தரம் மாதிரிப் படுக்க வைத்த நாலு பெரிய மரத்துலாம், மூலைக்கு ஒரு தூண், மேலே ஓட்டுக் கூரை, சுவரே கிடையாது. வருகிறவன் எந்தப் பக்கத்திலிருந்தும் ஏறி அந்தத் துலாமில் உட்காரலாம். அதைப் பழுது பார்க்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் அளந்து வா என்று என்னையும் ஜவ்பரையும் அனுப்பினார்கள். அலவத்துகொட ஜவ்பர் மாமாவை உனக்குத் தெரியும், பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டுவருவாரே. யுத்தம் நடந்த அந்த நாளில் ஒரு தமிழன் பையில் அளவு நாடாவும் வரைபடமும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வழியில் இரண்டு செக்பொயின்டில் ஆமிக்காரர்கள் இறக்கினார்கள். "இது என்ன படம்?" என்று கேட்டால் ஜவ்பர்தான் சிரித்துப் பேசி என்னை மீட்டுக்கொண்டு வந்தார்.

பழைய கட்டடத்தில் வேலை செய்யும்போது எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. மாற்ற வேண்டிய பாகத்தில் வெண்கட்டியால் வட்டம் போடுவோம். உளுத்த மரம், உடைந்த ஓடு, அதெல்லாம் வட்டம். கையே வைக்கக் கூடாத பாகத்தில் பெருக்கல் குறி போடுவோம். இரண்டு கையையும் குறுக்கே வைத்து 'தொடாதே' என்று சொல்கிற மாதிரி. வருஷக் கணக்காக அப்படிப் போட்டுப் போட்டு, உலகத்தில் எல்லோருக்கும் அந்தக் குறிக்கு அதுதான் அர்த்தம் என்று நினைத்துவிட்டேன். மற்றவர்கள் கட்டுகிற இடத்தில் ஒன்றைப் பெருக்கல் குறியால் அடித்தால் அது வேண்டாம் என்று அர்த்தம். வட்டம் போட்டால், இதைக் கவனித்து வைத்துக்கொள் என்று அர்த்தம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

அம்பலத்தில் என்ன நடந்தது தெரியுமா? கிழக்குப் பக்கத் துலாம் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்து, நடுவில் வழவழவென்று பள்ளமாக இருந்தது. ஊர்க் குழுவினர் அதை எடுத்துவிட்டுச் சீமெந்தில் நேரான திண்டு ஒன்று கட்டித் தரச் சொன்னார்கள். பார்க்க அழகாக இருக்குமாம். எனக்கு வந்ததே ஆத்திரம். அந்தத் துலாமின் முன்னால் நின்றுகொண்டு, தெரிந்த சிங்களம் தெரியாத சிங்களம் எல்லாவற்றையும் கூட்டி அரை மணி நேரம் பேசினேன். எத்தனை பேர் சுமையை இறக்கி வைத்துவிட்டு இங்கே மூச்சு வாங்கியிருப்பார்கள், இந்தப் பள்ளம் அவர்கள் இருந்துவிட்டுப் போன அடையாளம், இதைப் பிடுங்கி எறிய உங்களுக்கு எப்படி மனசு வருகிறது என்று கேட்டேன். கடைசியில் அவர்கள் இறங்கி வந்தார்கள். துலாமில் நானே பெருக்கல் குறி போட்டேன். ஜவ்பர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "மச்சான், இந்த மரக்கட்டைக்கி நீ படுற பாட்டுல காவாசிய ஒன்ட ஊட்டுல ஈக்கிறவங்களுக்குப் பட்டா, பொஞ்சாதி ஒன்னத் தலயில வெச்சிக் கொண்டாடுவா." நான் சிரித்தேன். அவர் கேலிக்குத்தான் சொன்னார்.

பத்தாம் நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். ரோட்டில் வரும்போதே ஏதோ பிசகாகத் தெரிந்தது. ஜன்னல் இருந்த இடத்தில் சுவர். பூச்சு இன்னும் ஈரம் காயவில்லை. உள்ளே போனால் பக்கக் கதவு அப்படியே நிற்கிறது, அன்று பெய்த மழை அது வழியாக வந்து தரையெல்லாம் தண்ணீர். உன் அம்மா குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன புள்ள இது?" என்றேன். அவள் நிமிரவில்லை. "நீங்க சொன்னதுதான் நடந்திருக்கு. தேத்தண்ணி ஊத்தவா?" என்றாள். நான் அந்த வார்த்தையைச் சரியாகக் கேட்கவில்லை. பாஸ் மீது வந்த கோபத்தில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல், பின்னேரத்தில் அவர் இருக்கிற சந்திக் கடைக்குப் போனேன்.

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும், "இத்தனை வருஷம் வேலை செய்யிற ஆளுக்குக் கதவு எது, ஜன்னல் எது என்று தெரியாதா?" என்று பியதாச பாஸைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். அவர் எழுந்து நின்று முழுவதையும் கேட்டார். பிறகு உட்கார்ந்திருந்த வாங்குப் பலகையில் படிந்திருந்த மாத் தூசியில் விரலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். "மாத்தயா, நீங்க ஜன்னல்ல இதைத்தானே போட்டீங்க? இதைப் பார்த்தா நாங்க மூடுவோம்" என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே ஏழெட்டுப் பேர். "வாயால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று முனகினேன். அவர் அதற்கும் சண்டைக்கு வரவில்லை. "நாளைக்கே வந்து உடைச்சு, பழைய மாதிரியே வச்சுத் தாறேன், கூலி வேண்டாம்" என்றார். அதற்கு நான் சொன்னேன், "இப்ப வேண்டாம். பொறகு பாப்போம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இவ்வளவு காலமும் என்னையே கேட்காமல் தப்பித்து வந்தேன். குறி மாறியது பிழை, அது யாருக்கும் வரலாம். ஆனால் ஜன்னல் மூடிக் கிடந்ததைப் பார்த்தபோது என் மனசின் ஒரு ஓரத்தில் 'நல்லதாப் போச்சு' என்று ஒரு நிம்மதி வந்தது. இனிக் கந்தோரில் ஒருத்தனும் ரொட்டி கேட்க மாட்டான். நான் மூடச் சொல்லவில்லை, பாஸ் மூடிவிட்டார், என் மேல் பழியும் இல்லை. இதைவிட வசதி என்ன வேண்டும்? அடுத்த நாள் விடியற்காலையில் அந்தப் பிள்ளைகள் வந்து சுவருக்கு வெளியே நின்று, "அக்கே, அக்கே" என்று கூப்பிட்டார்கள். உன் அம்மா குசினிக்குள் அசையாமல் நின்றாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பக்கக் கதவு வழியாக வெளியே போய் ஏதோ சொன்னாள். திரும்பி வந்து பிசைந்து வைத்திருந்த மாவை எடுத்து நமக்கு மட்டும் நாலு ரொட்டி சுட்டாள். நான் பாயில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எழும்பவில்லை. "அம்மா ஏன்ப்பா இப்ப ரொட்டி விக்கிறதில்ல?" என்று நீ கேட்டபோது, "அம்மாவுக்குக் களைப்பு" என்று உன்னிடமும் பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் வீட்டைத் திருத்தினோம். ஒவ்வொரு தரமும் புதிதாக ஒரு பாஸ் வருவார், உன் அம்மா அந்தச் சுவருக்குப் பக்கத்தில் வந்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவாள். நான் பார்க்காதது போல இருப்பேன். பழைய சுவரும் புதுக் கல்லும் ஒட்டாது, தம்பி, உனக்கும் அது தெரியும். மழைக்காலம் முடிந்தால் சுவரில் ஜன்னல் அளவுக்கே நீள்சதுரமாக ஒரு வெடிப்பு தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் அதில் பூச்சுப் பூசி, பெயின்ட் அடித்து மறைப்பது என் வேலை. பூசி மெழுகுவது என்று பேச்சுக்குச் சொல்வார்கள், நான் நிஜமாகவே கையில் கரண்டி பிடித்து அதைச் செய்தவன். நீகூட ஒரு வருஷம் வாளி பிடித்தாய்.

நீ 'பொறகு பாப்போம்' என்று சொன்ன மறுநாள் நான் பியதாச பாஸைப் பார்க்கப் போனேன். கடையில் நடந்த அந்தச் சண்டைக்குப் பிறகு நம் ரோட்டில் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை, அதற்கும் நான்தான் காரணம். வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது, மருமகன்தான் வேலையைப் பார்க்கிறான். நான் தட்டுத்தடுமாறி, அன்றைக்கு உங்கள் மேல் பிழை இல்லை, என் குறிதான் பிழை, அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்று சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "ஜன்னலை இன்னுமா திறக்கல, மாத்தயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் சொன்னார்: "வாயால கேக்கலைன்னு அன்னைக்கு ஏசினீங்க. உங்க வீட்டு நோனாகிட்ட ரெண்டு தரம் கேட்டேன். முதல் தரம், மாத்தயா போட்ட குறி, அப்படியே செய்ங்கன்னாங்க. ரெண்டாவது தரம் கேட்டப்ப அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க." பஸ்ஸில் வரும்போது என் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

நேற்றுக் காலையில் உன் அம்மாவிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வட்டம், பெருக்கல் குறி, கடைச் சண்டை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் துருவுவதை நிறுத்தினாள். "அப்ப நீங்க மூடச் சொல்லலையா?" என்றாள். இல்லை என்றேன். "நீங்க ரொட்டி விக்கிறதுக்கு வெக்கப்பட்டு மூடிட்டீங்கன்னு தான நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன், இத்தனை வருஷமும்." அதுவும் உண்மைதான் என்றேன். வெட்கப்பட்டேன், மூடியதும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், அதனால்தான் திறக்கவில்லை என்றேன். அவளுக்கு வந்த கோபத்தை நான் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து பார்த்ததில்லை. "அப்ப என்னத்துக்குத் தப்பா நடந்துருச்சுன்னு ஆரம்பிக்கிறீங்க? குறி மாறினது ஒரு நாளு. மிச்ச நாளெல்லாம் யாரு மாத்துனது?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். பகல் சாப்பாட்டைப் போட்டு மேசையில் வைத்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போனாள். நானும் சமாதானம் பேசப் போகவில்லை. அவளுக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது, நான்தான் அவளுக்கு அந்தச் சந்தர்ப்பத்தையே கொடுக்காமல் வைத்திருந்தேன்.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை, யாழ்ப்பாணம் வழியாகத் திறந்தபடியேதான் உனக்கு வரும். தர்ஷினி படிக்கட்டும், சம்பந்தி வீட்டார் படித்தாலும் பரவாயில்லை. பியதாச பாஸ் வீட்டில் நானே போய்ச் சிங்களத்தில் சொல்லிவிடுகிறேன், சந்திக் கடையிலும் சொல்லுவேன். அம்பலம் என்று வழிப்போக்கர் தங்குகிற இடத்தைச் சொல்கிறோம், ஒளித்தது வெளிவந்தால் அம்பலமாகிவிட்டது என்றும் சொல்கிறோம். அங்கே யாரோ முகம் தெரியாதவர்கள் உட்கார்ந்து தேய்ந்த மரத்துக்காக அத்தனை சத்தம் போட்டேன். என் வீட்டு ஜன்னல் தட்டிலும் அந்தப் பிள்ளைகளின் முழங்கை பட்டுப் பட்டு பெயின்ட் போய் மரம் வழவழவென்று இருந்தது. அந்தத் தட்டை என்ன செய்தார்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. நேற்றுத்தான் தெரிந்தது, உன் அம்மா அதைத் தன் அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

பின்னேரம் அவளாகவே வந்தாள். நான் என் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்து வைத்திருந்தேன், அதில் அந்த ஜன்னலின் அளவு துல்லியமாக இருக்கிறது. "அகலம் மூணடி, தட்டு நாப்பது அங்குலம். ஒரு நூல்கூட மாறாம அப்படியே தொறந்து தாறேன்" என்றேன், பெரிய உபகாரம் செய்கிறவன் போல. அவள் நோட்டுப் புத்தகத்தை வாங்கி மூடிவிட்டாள். "அது அப்ப நின்ன பொம்பளையோட அளவு. இப்ப எனக்கு முழங்கால் வலி, உக்காந்துதான் எல்லாம் செய்யிறேன். நாப்பது அங்குலத்துல வச்சா என் நெத்திதான தெரியும் ரோட்டுக்கு?" என்றாள். எனக்கு மூக்கு உடைந்த மாதிரி இருந்தது. பழையதைப் பழையபடியே வைப்பதுதான் என் தொழில். இன்றைக்கு உனக்கு எது வேண்டும் என்று அவளைக் கேட்க எனக்கு அப்போதும் தோன்றவில்லை பார்.

"சரி, நீயே சொல்லு" என்றேன். அவள் குசினிக் கதிரையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழங்கையை மடித்து, அங்கே ஒரு தட்டு இருப்பது போலச் சுவரில் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் கீழே இறக்கினாள். "இந்த இடம்" என்றாள். நான் வெண்கட்டியை எடுத்தேன், எந்தக் குறி போடுவது என்று கை தயங்கியது. அவள் அதை என் கையிலிருந்து வாங்கி, எழுத்துக் கூட்டி, 'இங்கே ஜன்னல்' என்று சுவரில் எழுதினாள். கீழே சிங்களத்திலும் எழுதச் சொன்னாள், பியதாச பாஸின் மருமகன்தான் வரப்போகிறான், நான் எழுதினேன். பிறகு மண்டி போட்டு, தரையிலிருந்து அவள் முழங்கை வரைக்கும் நாடாவைப் பிடித்து அளந்தேன். எழும்ப முடியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் தட்டிவிடவில்லை.

இருபத்தாறு அங்குலம், தம்பி. உன் படத்தில் குறித்துக்கொள். 'ஸ்டோர்' என்ற எழுத்தை அழித்துவிட்டு, இன்றைக்கே தர்ஷினியைக் கூப்பிட்டு, மெசினில் உட்கார்ந்தால் அவளுக்கு ஜன்னல் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று கேள். நீயாக ஒரு அளவைப் போட்டுவிடாதே. கேட்டு எழுது, நான் நாடாவோடு காத்திருக்கிறேன்.

அப்பா